பத்து நாளில் ஒன்று இரண்டாகுமா? அம்மாவின் கர்ப்பப்பைப் புற்றுநோய் ரிப்போர்ட் பற்றிக் கேட்க வேண்டும்

பாலக்கோட்டுக்காரன்

வணக்கம். இந்தக் குழுமத்தில் இதுவரை தக்காளி விலையைத் தவிர வேறு எதையும் நான் பேசியதில்லை. இன்று வேறு விஷயம்.

அம்மாவுக்கு 62 வயது. பத்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை. உடம்பும் கொஞ்சம் கனம். தீட்டு நின்று பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. தை மாதம் எங்கள் வீட்டில் புளி தட்டும் வேலை தொடங்கியபோது லேசாக உதிரம் பட்டிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று தாமே முடிவுகட்டிக்கொண்டு, வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தபடி, நாள் முழுக்கச் சம்மணமிட்டுக் கொட்டை எடுத்திருக்கிறார். மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வரும் அக்காவிடமும் வாய் திறக்கவில்லை. சித்திரையில் தங்கை ஓசூரிலிருந்து வந்தாள். கொல்லையில், வேலிக்கு மறைவாகக் காய்ந்துகொண்டிருந்த பழைய புடவைத் துண்டுகளைப் பார்த்தாள். "அம்மா, இது யாருக்கு?" என்று அவள் கேட்ட பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனோம். ஸ்கேனில் ஒரு நார்க்கட்டியும், கர்ப்பப்பையின் உள்சுவர் 14 மில்லிமீட்டர் தடித்திருப்பதும் தெரிந்தன. நார்க்கட்டிதான் காரணம், எடுத்துவிடலாம் என்றார்கள். கர்ப்பப்பை, குழாய்கள், இரண்டு சினைப்பைகள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். பன்னிரண்டாம் நாள் பயாப்சி ரிப்போர்ட் வந்தது. எண்டோமெட்ரியாய்டு கார்சினோமா, கிரேடு 2.

சேலத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவரிடம் காட்டினோம். ஸ்டேஜ் 1பி என்று எழுதினார். மனம் ஆறாமல் பெங்களூருக்குப் போனோம். அங்கே 2பி என்று எழுதினார்கள். இடையில் பத்தே நாள். அதற்குள் நோய் ஒரு படி ஏறிவிட்டதா? இல்லை, இருவரில் ஒருவர் தவறா? யாரைப் பார்த்தாலும் "ஸ்டேஜ் என்ன?" என்றுதான் கேட்கிறார்கள். ஆள் பிழைப்பதும் பிழைக்காததும் அந்த ஓர் எண்ணில்தான் இருக்கிறதா?

ரிப்போர்ட்டின் படத்தை இணைத்திருக்கிறேன்.

நெறியாளர்

படத்தில் அம்மாவின் பெயர், பதிவு எண், மருத்துவமனை முத்திரை மூன்றும் தெரிந்தன. நீக்கிவிட்டேன். தேவையான வரிகளை மட்டும் தட்டச்சு செய்து போடுங்கள் தம்பி.

ஊத்தங்கரை அக்கா

தம்பி, எனக்கும் இதே நோய்தான். 2016இல் அறுவை நடந்தது. அப்போது எனக்கு 51 வயது. இன்றும் காலையில் எழுந்து வாசல் தெளித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அம்மா மறைத்ததற்காக அவரைத் திட்டாதீர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியை, நானே ஆறு வாரம் மறைத்தேன். இந்த வயதில் இதை எப்படி வெளியே சொல்வது என்ற கூச்சம்.

உங்கள் கேள்விக்கு என்னால் ஒன்று சொல்ல முடியும். வார்டில் என் கட்டில் ஓரம், பக்கத்துக் கட்டில் ஓர் அம்மாவுக்கு. எனக்குக் கட்டி எலுமிச்சை அளவு. அவருக்குச் சுண்டைக்காய் அளவு, அதுவும் ஒரு சதை வளர்ச்சியின் நுனியில் மட்டும். அவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாகவே இருந்தது, மறைப்பதற்கு என்ன. எனக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வேண்டாம், மருந்து வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு ஆறு கீமோ போட்டார்கள். இரண்டாம் ஆண்டு அவர் இல்லை. அவருடையது "சீரஸ்" வகையாம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு அப்போது தெரியாது. கட்டியின் அளவை வைத்து எதையும் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

காரிமங்கலத்தான்

கத்தி பட்டதுதான் தப்பு. கத்தி பட்டால் புற்று பரவும் என்று எங்கள் தாத்தா காலத்திலிருந்தே சொல்கிறார்கள். முதலில் 1, வெட்டிய பிறகு 2. கண்ணுக்கு நேராகத் தெரிகிறதே!

சிலைடுப்பெட்டி

காரிமங்கலத்தாரே, இரண்டு எண்ணுமே வெட்டிய பிறகு எழுதியவை. தொடக்கப் பதிவை இன்னொருமுறை படியுங்கள்.

நான் கிருஷ்ணகிரியில் திசுப் பரிசோதனைக் கூடத்தில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மருத்துவர் இல்லை. ஆனால் கர்ப்பப்பை டப்பாவில் வந்து இறங்குவதிலிருந்து ரிப்போர்ட் அச்சாகும்வரை என் கைவழியாகத்தான் போகிறது.

ஒரு கொய்யாப் பழத்தைப் பிளந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே விதைப்பகுதி, அதைச் சுற்றிச் சதை, வெளியே தோல். கர்ப்பப்பையில் உள்சுவர் அந்த விதைப்பகுதி போல. நோய் தொடங்குவது அங்கேதான். சதைதான் தசைச்சுவர். டப்பாவிலிருந்து எடுத்து, ஃபார்மலினைக் கழுவி, பிளந்து, அரை சென்டிமீட்டர் கனத்தில் துண்டு துண்டாக நறுக்குவோம். கட்டி வெளுத்து, கொஞ்சம் பொடபொடவென்று இருக்கும். தசை இளஞ்சிவப்பாக இறுகி இருக்கும். எந்தத் துண்டில் வெளுப்பு அதிக ஆழம் போயிருக்கிறதோ அங்கே அளவுகோலை வைப்பார் எங்கள் டாக்டர். சுவரின் மொத்தக் கனத்தில் பாதிக்குள் நின்றால் ஒரு கணக்கு, பாதியைத் தாண்டினால் வேறு கணக்கு. பாதிக்குள் என்றால் 1ஏ, பாதி அல்லது அதற்கு மேல் என்றால் 1பி. கர்ப்பப்பை வாயின் தசைக்குள் போனால் 2. சினைப்பைக்கோ நிணநீர் முடிச்சுக்கோ போயிருந்தால் 3. இது ஃபிகோ என்ற பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பு 2009இல் வகுத்த முறை. சேலத்து மருத்துவர் இதன்படி எழுதியிருப்பார்.

அதே கூட்டமைப்பு 2023இல் முறையை மாற்றிவிட்டது. நோய் எங்கே இருக்கிறது என்பதோடு, எப்படிப்பட்டது என்பதையும் ஸ்டேஜுக்குள்ளேயே சேர்த்தார்கள். கட்டி கர்ப்பப்பைக்குள்ளேயே இருந்தாலும், அதைச் சுற்றியுள்ள நுண்ணிய ரத்த, நிணநீர்க் குழாய்களுக்குள் புற்றணுக்கள் பல இடங்களில் புகுந்திருந்தால் அது புதிய முறையில் 2பி. பெங்களூர்க்காரர்கள் இதன்படி எழுதியிருக்க வேண்டும். தவறு யார்மேலும் இல்லை. நிலம் அதேதான், ஒருவர் ஏக்கரில் எழுதினார், இன்னொருவர் ஹெக்டேரில் எழுதினார்.

உங்கள் ரிப்போர்ட்டில் குழாய் ஊடுருவல் பற்றி என்ன எழுதியிருக்கிறது? எல்விஎஸ்ஐ என்று ஒரு வரி இருக்கும். அதைப் போடுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்

அண்ணா, இரண்டு இரவுக்குப் பிறகு இன்றுதான் ஒழுங்காக மூச்சு விடுகிறேன். ரிப்போர்ட்டில் உள்ளவை:

தசைச்சுவர் கனம் 16 மி.மீ., ஊடுருவிய ஆழம் 10 மி.மீ. கட்டி 4 செ.மீ. கர்ப்பப்பை வாய், சினைப்பை, குழாய்கள் எதிலும் இல்லை. எல்விஎஸ்ஐ "உண்டு" என்று ஒற்றைச் சொல். நிணநீர் முடிச்சு எதுவும் அனுப்பப்படவில்லை. வேறு சிறப்புப் பரிசோதனை இல்லை.

பெங்களூரில் சிலைடுகளை வாங்கி ஒருமுறை பார்த்தார்கள். பிளாக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

தொப்பூர் கணவாய்

பகலில் எழுத நேரம் இருப்பதில்லை. மகளிர் புற்றுநோய் அறுவைதான் என் வேலை. உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை; எனவே அவருக்கு இன்னதைச் செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஆறுதலானது. எண்டோமெட்ரியாய்டு என்பது இந்த நோயில் மிகப் பரவலான, ஒப்பீட்டளவில் சாதுவான வகை. ஊத்தங்கரை அம்மா சொன்ன சீரஸ் வகையும், கிளியர்செல், கார்சினோசார்கோமா என்பவையும் அப்படியல்ல. அவை மேலோட்டமாக இருக்கும்போதே வயிற்றுக்குள் தூவிவிடும். அதனால்தான் சுண்டைக்காய், எலுமிச்சையை முந்தியது.

அடுத்தது கிரேடு. சாதாரண உள்சுவரில் சுரப்பிகள் வரிசையாக, குழல் குழலாக இருக்கும். புற்றணுக்கள் அந்த ஒழுங்கை எவ்வளவு மறந்துவிட்டன என்பதுதான் கிரேடு. குழல் அமைப்பே இல்லாமல் திட்டாகக் கிடக்கும் பகுதி 5 சதவீதத்துக்குள் என்றால் 1, 50 சதவீதம் வரை 2, அதற்கு மேல் 3. இப்போது 1ஐயும் 2ஐயும் ஒன்றாகக் கட்டிக் குறைந்த கிரேடு என்கிறோம். அம்மா இந்தப் பக்கம் இருக்கிறார்.

ஆழமும் வயதும் அவருக்கு எதிராக நிற்கின்றன. நெதர்லாந்தில் நடந்த போர்டெக் என்ற ஆய்வின் முதல் முடிவு 2000இல் வந்தது. 700 பெண்களுக்கு மேல் அதில் இருந்தார்கள். அறுவைக்குப் பின் கதிர்வீச்சு கொடுத்தவர்களில் இடுப்புப் பகுதியில் நோய் திரும்பியது 100க்கு 4 பேருக்கு, கொடுக்காதவர்களில் 14 பேருக்கு. ஆனால் உயிர்வாழ்வு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒன்றுதான். இது பலருக்குக் குழப்பமாக இருக்கும். திரும்பிய நோய் பெரும்பாலும் பிறப்புறுப்பின் மேல்முனையில் வந்தது. அங்கே வந்தால், முன்பு கரண்ட் வைக்காதவர்களைப் பிறகு வைத்தும் காப்பாற்ற முடிந்தது. அந்த ஆய்விலிருந்து ஒரு நடைமுறைக் கணக்கு பிறந்தது. வயது 60க்கு மேல், தசையில் பாதிக்கு மேல் ஆழம், கிரேடு 3 ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால் கவனமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு இரண்டு இருக்கின்றன.

இப்போது அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருகிறேன். எல்விஎஸ்ஐ "உண்டு" என்று எழுதினால் போதாது. ஓரிரு குழாய்களில் மட்டுமா, ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட குழாய்களிலா என்று எண்ண வேண்டும். இது வார்த்தை விளையாட்டு அல்ல. போர்டெக்கின் முதல் இரண்டு ஆய்வுகளிலும் சேர்ந்த 954 பெண்களின் சிலைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள். குழாய் ஊடுருவல் இல்லாதவர்களுக்கு ஐந்தாண்டில் இடுப்பு நிணநீர்ப் பகுதியில் நோய் திரும்பியது 100க்கு 2 பேருக்கும் குறைவு. மிகுதியாக இருந்தவர்களுக்கு 15. அந்த மிகுதியானவர்களிலும், இடுப்பு முழுவதற்கும் வெளிக்கதிர் வைத்தவர்களுக்கு 4 அளவில் நின்றது. பிறப்புறுப்பின் உள்ளே மட்டும் கரண்ட் வைத்தவர்களுக்கு 27. ஒரு சிலைடில் யாரோ பொறுமையாக எண்ணியதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறுகிறது.

நிணநீர் முடிச்சு எடுக்கவில்லை என்பது பற்றி. தெரிந்தே நோயென்று அறுவை செய்திருந்தால், முடிச்சுகளில் காவல் முடிச்சை, அதாவது நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டுமாவது எடுத்துப் பார்த்திருப்போம். நார்க்கட்டி என்று நினைத்துச் செய்த அறுவையில் அது நடக்காது. தீட்டு நின்ற பெண்ணுக்கு ரத்தம் வந்து, உள்சுவர் 4 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தால், கத்தியை எடுக்கும் முன் உள்சுவரிலிருந்து ஒரு துளி திசு எடுத்துப் பார்க்க வேண்டும். புறநோயாளியாகவே, ஒரு மெல்லிய குழாய் விட்டு எடுத்துவிடலாம். நடந்தது நடந்துவிட்டது. முடிச்சு எதையும் எடுக்காமல் விட்டதால் ஆயுள் குறைந்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். தொடக்கநிலை நோயில் எல்லா முடிச்சுகளையும் வழித்தெடுத்தால் அதிக நாள் வாழ்கிறார்களா என்று பிரிட்டனிலும் இத்தாலியிலும் இரண்டு பெரிய ஆய்வுகள் பார்த்தன. 2008, 2009இல் வந்த முடிவுகளில் அப்படி எந்த லாபமும் தெரியவில்லை. முடிச்சு தருவது தகவல். அந்தத் தகவல் இல்லாத குறையை ஸ்கேனையும் குழாய் எண்ணிக்கையையும் கொண்டு ஓரளவு ஈடுகட்டலாம்.

இரவு ஒன்றேகால். மீதி நாளை.

மருந்துக்கடை மாமா

டாக்டர் தூங்கட்டும். காவேரிப்பட்டணத்தில் கடை வைத்திருக்கிறேன், என் பங்குக்கு ஒன்று.

தம்பி, அம்மாவின் சர்க்கரைச் சீட்டையும் அந்த ஃபைலுக்குள் வையுங்கள். இந்த நோயும் சர்க்கரையும் கனத்த உடம்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். தீட்டு நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடும். ஆனால் உடம்பிலுள்ள கொழுப்பு அந்த வேலையை எடுத்துச் செய்யும். எதிர்த்துப் பிடிக்கப் புரோஜெஸ்டிரோன் இல்லாமல் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். தொடக்கநிலையில் பிடிபட்டவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால், அவர்கள் இறப்பதற்குப் புற்றைவிட இதயநோய்தான் பெரிய காரணம். அவ்வளவு பாடுபட்டுக் கட்டியை எடுத்துவிட்டு, ரத்தக்கொதிப்பு மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களை என் கடையில் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். "அதுதான் எடுத்தாயிற்றே மாமா" என்பார்கள்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்த அக்காவிடம் அம்மா இனியாவது எல்லாவற்றையும் சொல்லட்டும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கரண்ட் எங்கே வைப்பது என்று முடிவுசெய்யும் முன் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். எல்லை தாண்டினால் கதை வேறாகலாம்.

காரிமங்கலத்தான்

நான் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில் கர்ப்பப்பையோடு நின்றிருந்தால் ஐந்து ஆண்டு பிழைப்பவர்கள் 100க்கு 95 என்று போட்டிருக்கிறார்கள். அப்புறம் எதற்குக் கரண்ட், பிளாக், பரிசோதனை? எல்லாம் காசு பிடுங்கும் வேலை. முன்பு ஒரு பயாப்சி போதும் என்றார்கள். இப்போது மரபணு பார்க்க வேண்டுமாம்.

ஊத்தங்கரை அக்கா

95 பேரில் நான் ஒருத்தி. மீதி ஐந்து பேரில் ஒருவரின் கட்டில்தான் என் பக்கத்தில் இருந்தது. இரண்டு பேருக்கும் அறுவைக்கு முன்பு சொன்ன வார்த்தை ஒன்றேதான்: "ஆரம்பக் கட்டம்."

சிலைடுப்பெட்டி

காரிமங்கலத்தார் காசு பற்றிக் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு மட்டும் பதில்.

2013இல் அமெரிக்காவில் 373 கட்டிகளின் மரபணுக்களை முழுதாகப் படித்து, இந்த நோய் ஒன்றல்ல, நான்கு என்று சொன்னார்கள். முதல் வகை போல்-ஈ என்ற மரபணு கெட்டது. வேகமாகச் சொன்னால் "போலி" என்று காதில் விழும். பெயர்தான் போலி; நான்கில் இதுதான் நல்ல பிள்ளை. நுண்ணோக்கியில் பார்க்க முரட்டுத்தனமாகத் தெரியும், ஆனால் திரும்பி வருவது மிக அரிது. இரண்டாவது வகையில் அணுவின் எழுத்துப்பிழை திருத்தும் ஆள் வேலைக்கு வரவில்லை. எம்எம்ஆர் குறைபாடு என்போம். மூன்றாவது, பி53 என்ற காவலாளி கெட்டது; இது பொல்லாதது. நான்காவது, இந்த மூன்றிலும் சேராதது. அதிக ஆபத்துள்ள நோயாளிகளை மட்டும் எடுத்துச் செய்த மூன்றாவது போர்டெக் ஆய்வில், ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தவர்கள் போல்-ஈ வகையில் 100க்கு 98. எம்எம்ஆர் வகையில் 72, நான்காவதில் 74, பி53 வகையில் 48. நுண்ணோக்கிக்கு எல்லாமே அதிக ஆபத்துதான். உள்ளே பார்த்தால் இவ்வளவு தூரம்.

இப்போது செலவு. பி53, எம்எம்ஆர் இரண்டும் சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனைகள். பெரிய எந்திரம் வேண்டாம். எம்எம்ஆரில் நான்கு சாயம் போடுவார்கள். கையில் காசு குறைவு என்றால் பிஎம்எஸ்2, எம்எஸ்எச்6 என்ற இரண்டை மட்டும் முதலில் போட்டாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். போல்-ஈ மட்டும் மரபணு வரிசை படித்துத்தான் தெரியும், அதுதான் விலை கூட. "இந்த முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். மாறாது என்றால் அதை விட்டுவிடலாம்.

பிளாக் என்றால் என்ன என்று தம்பிக்கு. நறுக்கிய திசுவை மெழுகில் புதைத்து வைத்த சின்னக் கட்டி. தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் கூடு, ஓரத்தில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். அதிலிருந்து சீவி எடுத்ததுதான் சிலைடு. அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு நேரில் போய், பயாப்சி எண்ணைச் சொல்லி, எழுதிக் கொடுத்து வாங்குங்கள். கட்டி உள்ள பிளாக், சாதாரணத் திசு உள்ள பிளாக் இரண்டும் வேண்டும் என்று கேளுங்கள். வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். மெழுகு, மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கர்ப்பப்பையை முழுசாகவே ஃபார்மலினில் போட்டு நாலு நாள் கழித்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபார்மலின் உள்ளே போகாமல் நடுப்பகுதி கெட்டுவிடும். கெட்ட திசுவில் சாயம் ஏறாது. அல்லது தப்பாக ஏறும். நோயாளி பிழைப்பதைப் பற்றிப் பேசும் எந்தப் புத்தகத்திலும் இது இருக்காது. என் மேசையில் மாதம் ஒன்று பார்க்கிறேன்.

அரூர் வாசகி

இடையில் கேட்பதற்கு மன்னியுங்கள். என் சித்தி மார்பகப் புற்றுக்காக டாமாக்ஸிஃபென் மாத்திரை நான்கு ஆண்டாகச் சாப்பிடுகிறார். அதனாலும் இது வருமா?

தொப்பூர் கணவாய்

தீட்டு நின்றவர்களுக்கு ஆபத்து கொஞ்சம் கூடும். அதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அது செய்யும் நன்மை பெரிது. ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே காட்டச் சொல்லுங்கள். பாப் ஸ்மியர் எடுத்தேன், சரியாக இருந்தது என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அது கர்ப்பப்பை வாய்க்கான சோதனை. உள்சுவர் நோயை நம்பிப் பிடிக்கும் கருவி அல்ல.

நெறியாளர்

அரூர் வாசகி, இதைத் தனி இழையாகத் தொடங்குங்கள். பலருக்குப் பயன்படும்.

பாலக்கோட்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிளாக் வாங்க இரண்டு தடவை அலைந்தேன். முதல் நாள் "டாக்டர் இல்லை" என்றார்கள். மறுநாள் எழுதிக் கொடுத்து வாங்கினேன். ஐந்து கூடுகள், ஒரு மாத்திரைக் கவருக்குள். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தும் வெயில் பக்கம் என்று எழுந்து வந்துவிட்டேன். சட்டைப் பையில் வைத்தால் உடம்புச் சூட்டுக்கு உருகிவிடுமோ என்று பயம். சிலைடுப்பெட்டி அண்ணன் சிரிப்பார். கிருஷ்ணகிரி தாண்டும்வரை கையிலேயே பிடித்திருந்தேன்.

முடிவு வந்துவிட்டது. எண்டோமெட்ரியாய்டு, கிரேடு 2, மாற்றமில்லை. எல்விஎஸ்ஐ "மிகுதி" என்று எழுதி, ஏழு குழாய்கள் என்று எண்ணும் போட்டிருக்கிறார்கள். பி53 இயல்பு. சாயச் சோதனையில் எம்எஸ்எச்6 "இல்லை", மற்ற மூன்றும் "உண்டு". ஸ்கேனில் வேறெங்கும் நோய் தெரியவில்லை. இடுப்புக்கு 25 நாள் வெளிக்கதிர் என்று முடிவாகியிருக்கிறது.

பி53 இயல்பு என்று படித்ததும் மருத்துவமனை வராந்தாவிலேயே தங்கையைக் கூப்பிட்டுச் சொன்னேன். பிறகு மருத்துவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "உங்கள் அம்மா வழியில் வேறு யாருக்காவது புற்றுநோய் உண்டா?" பெரிய மாமாவுக்குப் பெருங்குடலில் வந்து 44 வயதில் போய்விட்டார். சின்ன வயதில் அதை "வயிற்றுப்புண்" என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். நான் சொன்னதும் அவர் பேனாவை வைத்துவிட்டார். தனியாக ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார். அம்மாவோடு அல்ல, தங்கையோடு. எதற்கு?

தொப்பூர் கணவாய்

பேனாவை வைத்தது சரியான காரியம். முதலில் அம்மா, பிறகு நீங்கள்.

அம்மாவின் கட்டி இரண்டாவது வகை, அதாவது எம்எம்ஆர் குறைபாடு. நான்கில் நடுத்தரமானது, குழாய் ஊடுருவல் மிகுதி என்பதால் வெளிக்கதிர் சரியான முடிவாகவே தெரிகிறது. பிற்காலத்தில் நோய் திரும்பினாலும் இந்த வகைக்கு ஒரு கதவு கூடுதலாகத் திறந்திருக்கிறது. நோய் எதிர்ப்பாற்றலைத் தட்டியெழுப்பும் மருந்துகள் இவ்வகைக் கட்டிகளில் நன்றாக வேலை செய்வதாக 2023இல் இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. அது தேவைப்படாமலே போகட்டும். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள்தான். அதுவரை சோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

இப்போது உங்கள் கேள்வி. எம்எல்எச்1 என்ற சாயம் ஏறாமல் இருந்தால், பெரும்பாலும் அது கட்டிக்குள் மட்டும் நடந்த கோளாறு, குடும்பத்துக்குப் போகாது. எம்எஸ்எச்6 மட்டும் தனியாக இல்லை என்றால், பிறவியிலேயே அந்த மரபணு பழுதாக வந்திருக்கக்கூடும். லின்ச் நோய்க்கூறு என்று பெயர். பெருங்குடலும் கர்ப்பப்பையும் அதன் இரண்டு முக்கிய இலக்குகள். எம்எஸ்எச்6 உள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை நோய் கொஞ்சம் தாமதமாக, அம்மாவின் வயதை ஒட்டி வருவதும் உண்டு. மாமாவின் 44 வயதும் சேர்ந்து நிற்கிறது. முதலில் அம்மாவின் ரத்தத்தில் பார்ப்பார்கள். அங்கே பழுது உறுதியானால் உங்களுக்கும் தங்கைக்கும் தலா பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமாவின் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும்.

இருப்பதாகத் தெரிந்தால் தலையில் இடி விழுந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடலைக் குழாய் விட்டு ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால், புற்றாகும் முன்பே சதை வளர்ச்சியைக் கிள்ளிவிடலாம். அது உங்களுக்கும் சேர்த்துத்தான், தங்கைக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கைக்குக் கர்ப்பப்பை பற்றியும் பேச வேண்டியிருக்கும். குழந்தைகள் போதும் என்று முடிவாகிவிட்டதா என்பதைப் பொறுத்த பேச்சு அது.

காரிமங்கலத்தான்

மாமாவின் பிள்ளைகளிடம் யார் போய்ச் சொல்வது? பெண் கொடுக்கல் வாங்கல் இருக்கும் வீடு என்றால் கல்யாணப் பேச்சே நின்றுவிடும். மருத்துவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

மருந்துக்கடை மாமா

இந்த ஒன்றில் அவர் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மாமன் மகனைத் தனியாக அழைத்து, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, டீக்கடையில் வைத்துச் சொன்னாலே போதும். 44இல் அப்பாவைப் பறிகொடுத்தவனுக்குப் புரியும்.

பாலக்கோட்டுக்காரன்

மாமன் மகனிடம் சொல்லிவிட்டேன் மாமா. டீக்கடையில் அல்ல, ராயக்கோட்டை மண்டியில், லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்பாவுடைய பழைய பிளாக் எங்காவது இருக்குமா?"

தங்கை வர ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஒரு பெண் பிள்ளை. அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை முதல் கரண்ட். ஒருநாள் முன்னோட்டம் பார்த்தார்கள். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொன்னால், பஸ்ஸில் அவசரம் வந்துவிடும் என்று காலையிலிருந்து குடிக்காமலே வந்திருக்கிறார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை எப்படிச் சமாளிப்பது?

சிலைடுப்பெட்டி

பழைய பிளாக் இருந்தாலும் இருக்கும். ஆண்டும் ஊரும் சொல்லச் சொல்லுங்கள், எங்கே விசாரிப்பது என்று பார்க்கிறேன். இல்லாவிட்டாலும் குறையில்லை. அம்மாவின் ரத்தத்திலிருந்தே தொடங்கலாம்.

ஊத்தங்கரை அக்கா

என் நாத்தனாருக்கு இதே இடுப்புக் கரண்ட் வைத்தபோது நான்தான் கூடப் போனேன். வீட்டில் குடிக்க வைக்காதீர்கள். அங்கே போய்ச் சேர்ந்ததும் முதலில் கழிப்பறைக்கு அனுப்பி வயிற்றைக் காலி செய்யுங்கள். பிறகு அரை லிட்டர் பாட்டில் ஒன்றை ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லி, எத்தனை மணிக்குக் குடித்தார் என்று அங்கே இருப்பவரிடம் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் அதே அளவு, அதே இடைவெளி. மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது பால், கீரை, மிளகாய்க் குழம்பு மூன்றையும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். ராகிக் களியும் அப்போது வேண்டாம், குழைந்த சோறும் மோரும் கொடுங்கள். வெந்தயம் போடாத மோர்.

பாலக்கோட்டுக்காரன்

அம்மாவிடம் படித்துக் காட்டினேன் அக்கா. "வெந்தயத்தைக் கூடச் சொல்லிவிட்டாயா ஊருக்கெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவப் போய்விட்டார்.